மழைமானியைத் திருப்பி வையுங்கள்

மாவட்டப் பேரிடர் மேலாண்மைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், அந்தக் குழுவில் இடம்பெற்றிருக்கும் தோட்ட நிர்வாகத்தாருக்கும்,

போன மாதக் கூட்டத்தில் டேவான் மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேள்வி கேட்ட கிழவன் நான்தான். தோட்ட ஆபீஸ் வாசலில் இருந்த மழைமானியை ஏன் பிடுங்கினீர்கள், தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிஷனில் இருந்ததை ஏன் எடுத்தீர்கள், பாலத்துத் தூணில் இருந்த அளவுப் பலகையை ஆறு அடித்துக்கொண்டு போன பிறகு ஏன் இன்னொன்று அடிக்கவில்லை என்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் மேடையிலிருந்து ஒரே பதில் வந்தது. "சத்தெலிட் டா ஆடா, அங்கிள்." அதான் சாட்டிலைட் வந்துவிட்டதே என்று அர்த்தம். நாலு பேர் சிரித்தார்கள். நீங்கள் கொசு மருந்து அடிக்கும் விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடும் பழக்கம் எனக்கில்லை. அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நம் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து இந்தத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, இருந்தவன் நான். எனக்கு முன்னால் என் அப்பாவும் அதே ஆபீசில்தான். செக்ரோல் என்ற ஆள்வரவுப் பதிவு, சம்பளப் புத்தகம் எல்லாம் அப்புறம். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை மழை அளப்பதுதான். வாசலுக்கு எதிரே புல்தரையில், மரமும் கட்டடமும் நெருங்காத இடத்தில், முழங்காலுக்குக் கீழே நிற்கும் ஒரு செம்பு உருளை. வாய் ஐந்து அங்குலம். உள்ளே புனல், புனலுக்கு அடியில் போத்தல். போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒரு குடுவை நிறைந்தால் 10 மில்லிமீட்டர். பெருமழை பெய்த மறுநாள் ஊற்றிக் கொட்டி, ஊற்றிக் கொட்டி எண்ண வேண்டும். நடுவில் எண்ணிக்கை தவறினால் அந்த நாளின் கணக்கே போச்சு. அப்பா ஒவ்வொரு குடுவைக்கும் சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பர் கொட்டையை எடுத்துத் திண்ணையில் வைப்பார். கடைசியில் கொட்டைகளை எண்ணிப் புத்தகத்தில் எழுதுவார். அவர் ஊற்றும்போது பெரிய துரை வந்து நின்றாலும் பேச்சு கிடையாது.

துரைமார்களுக்கு மழை மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர் காலத்தில், பட்டை நனைந்திருந்தால், வெட்டின கோட்டை விட்டுப் பால் வழிந்து மங்குக் கிண்ணத்துக்கு வராமலே போய்விடும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. செம்பனை என்ற எண்ணெய்ப்பனை வந்த பிறகு உரத்துக்காக அளந்தோம். உரம் போட்ட மறுநாள் கொட்டித் தீர்த்தால், போட்ட அத்தனையும் பாரிட் வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போய்விடும். எல்லாம் காசுக் கணக்குதான்.

ஆனால் அந்தக் குடுவையை வைத்து நாங்கள் இன்னொரு காரியமும் செய்தோம். அது எந்த சர்க்குலரிலும் இல்லை. எங்கள் ஆறு மலையடியில் இருக்கும் மேல் டிவிஷன் பக்கம் இறங்கி, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, டவுன் பாலத்துக்கு வருகிறது. மேலே கொட்டுகிற மழை பாலத்துக்கு வந்துசேர ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும். டவுனில் ஒரு சொட்டு விழுந்திருக்காது, நட்சத்திரம்கூடத் தெரியும். அப்படிப்பட்ட இரவில்தான் தண்ணீர் வரும். அதனால் மழைக்காலத்தில் மேல் டிவிஷன் ஜாகா, அதாவது காவல்காரர், நடுராத்திரியில் ஒருமுறை மழைமானியைத் திறந்து பார்ப்பார். "பத்துக் குடுவை தாண்டினா போன் அடி." இதுதான் சட்டம். போன் வந்தால் நாங்கள் பெரட்டு மணியை அடிப்போம். மணி என்றால் கோயில் மணி இல்லை; மரத்தில் தொங்கவிட்ட ஒரு துண்டுத் தண்டவாளம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, அழைப்பதற்கு அடிப்பது. நடுராத்திரியில் அது கேட்டால் கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஜொகூரை அடுத்தடுத்து இரண்டு வெள்ளம் புரட்டிப்போட்டது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த டிசம்பரில் போனை எடுத்தவன் நான். ஜாகா, "கிராணி ஐயா, பதினாலு ஊத்திட்டேன், இன்னும் இருக்கு" என்றார். மணியை அடித்த கையில் இரண்டு நாள் வலி இருந்தது. தண்ணீர் லயத்துக்குள் நுழையும்போது அங்கே ஆள் இல்லை. எல்லோரும் தமிழ்ப்பள்ளி மாடியில். ஆடுமாடு உட்பட. கெட்டது ஒரு தையல் மெஷினும் சில மூட்டை அரிசியும்.

சரி, இப்போது என்ன நிலைமை? மூன்று ஆண்டுகளுக்கு முன் தோட்ட ஆபீஸ் மில்லுக்குப் பக்கத்தில் மாறியது. பழைய புல்தரையில் லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று மழைமானியைப் பிடுங்கிவிட்டார்கள். மேல் டிவிஷன் மறுநடவுக்குப் போனபோது அங்கிருந்ததும் போனது. செம்பு அல்லவா, பழைய சாமான் கடையில் நல்ல விலை கிடைத்திருக்கும். பாலத்தருகே உங்கள் சைரன் கம்பம் நிற்கிறது; அதில் மைனா கூடு கட்டியிருக்கிறது. பழைய லயத்து ஜனங்கள் பாதிப்பேர் இப்போது பாலத்தடியில் இருக்கும் மலிவு விலை வீட்டுத் தாமானில் இருக்கிறோம். ஆற்றுக்கு இன்னும் பக்கம். கீழ் லயத்தில் இருப்பவர்கள் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியக்காரர்களும்.

போன பருவமழையில் ஒரு ராத்திரி. ஒன்பது மணிக்குப் போனில் எச்சரிக்கை வந்தது: மஞ்சள் நிறம், "வாஸ்பாடா" என்ற விழிப்பு நிலை, தொடர்மழை. நம் மாவட்டத்தின் பெயரும் இருந்தது. அந்த எச்சரிக்கையில் ஒரு தப்பும் இல்லை. நேரத்துக்கு விட்டார்கள், சரியாகவே விட்டார்கள். ஆனால் மாவட்டம் என்பது ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் காரில் ஒரு மணி நேரம். அதில் எந்த மலையில், எந்த ஆற்றின் தலையில் கொட்டுகிறது என்று அது சொல்லாது. சொல்ல வேண்டியது அதன் வேலையும் இல்லை. அது உங்கள் வேலை.

டவுனில் தூறல்தான். பத்து மணிக்கு அதுவும் நின்றது. எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. மேற்கே மலைப்பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது, சத்தம் இல்லாமல். பன்னிரண்டு மணிக்கு மேல் டிவிஷன் காவல் கொட்டகைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. உங்கள் மாவட்ட அவசர எண்ணில் ஒரு தம்பி எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். திரையைப் பார்த்துவிட்டு, உங்கள் டவுன் பக்கம் மேகம் விலகிவிட்டது அங்கிள், போய்த் தூங்குங்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டவுன் பக்கம் விலகித்தான் இருந்தது.

மூன்றேகாலுக்குத் தண்ணீர் வந்தது. முதலில் கழிவறைத் துவாரம் வழியாகக் குமிழ் விட்டது, பிறகு வாசல் வழியாக. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 84 வயது, படுத்த படுக்கை. பிரிட்ஜ் மிதந்துபோய் அவர் அறைக் கதவை அடைத்துக்கொண்டது. இரண்டு பையன்கள் ஜன்னல் கம்பியை நெம்பி உள்ளே இறங்கி, கட்டில் பலகையோடு பாட்டியைத் தூக்கி வந்தார்கள். "என் பல்லு செட்டு தம்ளர்ல இருக்குடா" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அதுவும் போனதுதான். கீழ் லயத்துப் பையன்கள் விடியும்வரை கூரை மேல் உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்புப் படையான போம்பாவின் படகு ஏழு மணிக்கு வந்தது.

உயிர்ச்சேதம் இல்லை என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மை. அதற்கு நன்றி சொல்ல வேண்டியது எதிர்வீட்டுச் சேவலுக்கு. தண்ணீரைக் கண்டு கூரையேறிக் கத்தி எங்களை எழுப்பியது அதுதான். அது உங்கள் குழுவில் உறுப்பினர் இல்லை.

இனி உங்கள் சாட்டிலைட்டுக்கு வருகிறேன்.

நான் அதற்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். 17 பிப்ரவரி 2024, சனிக்கிழமை, நம் நேரப்படி இரவு 8.05 மணிக்குப் பேரன் போனில் ஸ்ரீஹரிக்கோட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள், 2,274 கிலோ, ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. அந்த ராக்கெட்டுக்கு அங்கே "குறும்புக்காரப் பையன்" என்று பட்டப்பெயர். சில தடவை காலை வாரிவிட்டிருக்கிறது. அதன் உச்சிக் கட்டத்தில் எரிவது திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். அந்த மாதிரி என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கும் இடம் திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி. என் தாத்தா கப்பலேறுவதற்கு முன் மாடு மேய்த்த மலையடிவாரம். இருபது நிமிடத்துக்குள் ராக்கெட் வேலை முடிந்து செயற்கைக்கோள் கழன்றது. அதன்பிறகு அது தன் சொந்த என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து 35,786 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். அந்த உயரத்தில் பூமி சுழல்கிற வேகத்துக்கே சுற்றிவருவதால் கீழேயிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். என் டீ ஆறிப்போனதே தெரியவில்லை.

நம் பக்கத்து வானத்தைப் பார்ப்பதில் முக்கியமானது ஜப்பானின் ஹிமவாரி. சூரியகாந்தி என்று பொருள். முதல் ஹிமவாரி 1977-இல் போனது. எட்டாவது 2014 அக்டோபர் 7-ஆம் தேதி, ஒன்பதாவது 2016 நவம்பர் 2-ஆம் தேதி ஏவப்பட்டன. 2022 டிசம்பரில் எட்டிடமிருந்து ஒன்பது பொறுப்பை வாங்கிக்கொண்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியும் பூமியின் பாதியையும் படம் எடுத்து அனுப்பும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்கா ஏவிய முதல் வானிலைச் செயற்கைக்கோள் டைரோஸ்-1 எழுபத்தெட்டே நாள்தான் வேலை செய்தது. அதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காரியம்! 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைதான். அங்கெல்லாம் புயல் உருவாகாது என்றுதான் அதுவரை பாடம். அந்த மாதிரி ஒன்று கடலில் திரளும்போதே கண்டுபிடிக்க மேலே கண் வேண்டும். இதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை.

ஆனால் அந்தக் கண் பார்ப்பது மேகத்தின் உச்சியை. ராத்திரியில் அது அகச்சிவப்புக் கதிரில், மேகத்தின் தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. குளிர்ச்சி அதிகம் என்றால் மேகம் உயரம், உயரம் என்றால் மழை பலமாக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதுதான் விஷயம். பெய்து முடித்த மேகத்தின் விரிந்த தலை பல மணி நேரம் வெள்ளையாகப் பளபளக்கும், கீழே ஒரு துளி இருக்காது. மலையை ஒட்டித் தாழ்வாக நிற்கும் மேகம் கொட்டோ கொட்டென்று கொட்டும், மேலேயிருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹிமவாரி நம் தலைக்கு நேர் மேலே இல்லை. கிழக்கே 140.7 பாகையில், பாப்புவாவின் ஜயபுராவுக்கு வடக்கே கடலுக்கு மேல் நிற்கிறது. நாம் இருப்பது 103 பாகையில். அங்கிருந்து நம்மைச் சாய்வாகத்தான் பார்க்கிறது. கூரை மேல் நிற்பவனை எதிர்த்தெரு மாடியிலிருந்து பார்த்தால் அவன் அடுத்த வீட்டு வாசலில் நிற்பதுபோலத் தோன்றும் இல்லையா, அதே கதை. 15 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மேகத்தலை, திருத்தம் செய்யாத படத்தில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் மேற்கே தள்ளித் தெரியும். முக்கோணக் கணக்குதான், பேரனோடு உட்கார்ந்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். மேல் டிவிஷனிலிருந்து பாலம் வரை நேர்கோட்டில் 11 கிலோமீட்டர். மலைக்கு அந்தப் பக்கம் பெய்கிறது என்று திரையில் தெரிவது, நிஜத்தில் எங்கள் ஆற்றின் தலையிலேயே விழுந்துகொண்டிருக்கலாம். வானிலைத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியும், அவர்கள் திருத்திக்கொள்வார்கள். உங்கள் அலுவலகச் சுவரில் ஓடும் திரையில் திருத்தியிருக்கிறதா என்று அந்தத் தம்பியிடம் பிறகு கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குப் புதுச் செய்தி. அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியாக ஒன்று. மழையையே ரேடாரால் அளப்பதற்கென்று நாசாவும் ஜப்பானும் சேர்ந்து 2014 பிப்ரவரியில் ஜிபிஎம் என்ற செயற்கைக்கோளை விட்டார்கள். அதையும் மற்ற பல செயற்கைக்கோள்களையும் சேர்த்து உலகம் முழுமைக்கும் ஐமெர்க் என்ற மழைக்கணக்குப் போடுகிறார்கள். அதில் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். எங்கள் தோட்டம் முழுக்க ஒரே கட்டத்துக்குள் போய்விடும். சரி, அந்தக் கணக்கின் இறுதிப் பதிப்பை எதை வைத்துத் திருத்துகிறார்கள் தெரியுமா? தரையில் நிற்கும் மழைமானிகளின் மாதக் கணக்கை வைத்து. சாட்டிலைட் விட்டவர்களே குடுவைக்காரனிடம் கேட்டுத்தான் கணக்கை முடிக்கிறார்கள். நீங்கள் அந்தச் சாட்டிலைட்டைக் காட்டி எங்கள் குடுவையைக் கழற்றிவிட்டீர்கள்.

செலவு என்று சொல்லாதீர்கள். அன்றைய கூட்டத்துக்குப் போட்ட பந்தலும் நாசி பிரியாணியும் எனக்குத் தெரியும். ஆள் இல்லை என்றும் சொல்லாதீர்கள். நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். நவம்பரில் பருவமழை தொடங்குவதற்கு முன் இரண்டு மழைமானிகளும் திரும்பி வர வேண்டும். ஒன்று தமிழ்ப்பள்ளித் திடலில். பள்ளிக்கூடம் சம்மதித்தால் பிள்ளைகளுக்கு அளக்க நானே பழக்கிக் கொடுக்கிறேன். மற்றொன்று மேல் டிவிஷனில். அங்கே பழைய செம்பு உருளை போதாது. தானாக அளந்து தானாகச் செய்தி அனுப்பும் கருவியாக இருக்கட்டும், ராத்திரியில் ஜாகாவை நம்பியிருக்கும் காலம் போய்விட்டது. அதற்கு இடமும் வேலியும் தோட்ட நிர்வாகம் தர வேண்டும். மரத்திலிருந்து மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு பங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். நடவு வரிசைக்குள் சொருகிவிட்டு வேலை முடிந்தது என்று போட்டோ எடுக்காதீர்கள்.

பாலத்துத் தூணில் அளவுப் பலகையை மறுபடி அடியுங்கள். ராத்திரியில் டார்ச் அடித்தால் தெரிகிற பெயிண்டில். சைரனைப் பழுது பார்த்து, மாதம் ஒருமுறை ஜனங்கள் முன்னிலையில் அடித்துக் காட்டுங்கள். மைனாக்கூட்டைக் குஞ்சு பறந்த பிறகு எடுத்தால் போதும்.

மேலே எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் யார் யாருக்குப் போன் செய்வது என்பதை எழுத்தில் வையுங்கள். நாங்கள் வைத்திருந்த பத்துக் குடுவைக் கணக்கு மறுநடவுக்கு முந்தையது. இப்போது மரமில்லாத மண்ணில் தண்ணீர் இன்னும் வேகமாக இறங்கும். புதுக் கணக்கை உங்கள் இன்ஜினியர்கள் போடட்டும். போன் எடுக்க வேண்டிய ஆளின் பெயரும், அவர் லீவில் இருந்தால் அடுத்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கையை மலாயில் எழுத்தாக அனுப்புவதோடு, தமிழிலும் வங்காளத்திலும் குரல் செய்தியாகவும் அனுப்புங்கள். எங்கள் பாட்டிமார்களுக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது, காது நன்றாகவே கேட்கும். வங்காளக் குரலுக்குக் கீழ் லயத்திலேயே ஆள் இருக்கிறது. கேட்டுவிட்டேன், பேசிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இவற்றில் எது முடியும், எது முடியாது, முடியாது என்றால் ஏன் என்று செப்டம்பர் 30-க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அடுத்த கூட்டத்தில் இதை முதல் அம்சமாக வையுங்கள், கொசு மருந்துக்கு முன்னால். அந்தக் கூட்டத்துக்கு 1964-இலிருந்து அப்பாவும் நானும் எழுதிய மழைப் புத்தகங்களைக் கொண்டுவருகிறேன். போன வெள்ளத்தில் நான்கு கரைந்துவிட்டன, மற்றவற்றைக் கூரையில் காயவைத்துக் காப்பாற்றினேன். இரண்டு பெட்டி இருக்கும். பெரிய மேசையாகப் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
பாலத்தடித் தாமான்